புரோட்டீனா, கண்டிஷனரா? திருகோணமலைச் சுருட்டை முடிக்கு எதை வாங்குவது

நிறம் பூசாத, ரிபொண்டிங் (மருந்து போட்டு நிரந்தரமாக நேராக்குவது) செய்யாத, ஸ்ட்ரெயிட்னர் சூடு காணாத சுருட்டை முடி என்றால் புரோட்டீன் மாஸ்க்குக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, நல்ல கண்டிஷனர் ஒன்றே காணும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் புரோட்டீன் வேண்டும், ஆனால் போத்தலில் போட்டிருக்கிற அளவுக்கு அடிக்கடி அல்ல. என் விடை அவ்வளவுதான். மீதி எல்லாம் அது ஏன் என்பதும், நம் ஊர்த் தண்ணீரும் காற்றும் எங்கே குறுக்கே வருகின்றன என்பதும்தான். ஏனென்றால் சுருட்டை முடி பற்றி வெளியில் கிடைக்கிற அறிவுரையில் பெரும்பங்கு குளிர்நாட்டுக் குளியலறையில் முழுகுகிறவர்களுக்குச் சொன்னது, அதை அப்படியே கொண்டுவந்து நிலாவெளிக் கிணற்றடியில் செய்து பார்த்துவிட்டு "எனக்கு இது சரிவரவில்லை" என்று சொல்கிறவர்களைத்தான் நான் நிறையப் பார்க்கிறேன்.

முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்கிற புரதம். வெளிப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்கள், உள்ளே பலத்தைத் தருகிற தண்டுப் பகுதி. சுருட்டை முடி குறுக்குவெட்டில் தட்டையாக இருக்கும், ஒவ்வொரு வளைவிலும் செதில்கள் கொஞ்சம் தூக்கி நிற்கும், சீப்பு பட்டால் முதலில் தேய்வதும் அந்த இடம்தான். தலைத்தோலில் சுரக்கிற எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும், சுருட்டையில் முதல் இரண்டு மூன்று வளைவோடு நின்றுவிடும். அதனால்தான் எங்களுக்கு உச்சி பிசுபிசுக்கும்போதே நுனி காய்ந்து கிடக்கிறது. இன்னொன்று, தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்ரிமீற்றர்தான் வளர்கிறது. இழுத்துப் பிடித்தால் 45 சென்ரிமீற்றர் வருகிற முடி ஒன்றின் நுனிக்கு மூன்றரை வயதுக்கு மேல். அத்தனை வருட வெயிலும் கடலும் கொண்டையும் கண்டது அது. உச்சியும் நுனியும் ஒரே முடி என்று நினைத்து ஒரே சாமானைப் பூசுவதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

கண்டிஷனர் செய்வது முடிக்குத் தண்ணீர் கொடுப்பது அல்ல. தண்ணீரை முடி தானாகவே குடிக்கும், தன் எடையில் 30 வீதம் வரை உறிஞ்சி வீங்கும், காயும்போது சுருங்கும். இப்படி வீங்கி வீங்கிச் சுருங்குவதுதான் செதில்களைத் தளர்த்துகிறது, ஆகவே "முடிக்கு ஈரம் காணாது" என்று நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டு திரிவதில் பிரயோசனம் இல்லை. கண்டிஷனரில் இருக்கிற செட்ரிமோனியம், பெஹென்ட்ரிமோனியம் போன்றவை நேர்மின்னேற்றம் உள்ளவை. தேய்ந்த முடியில் எதிர்மின்னேற்றம் கூட, அதனால் அவை தேடிப்போய் ஒட்டுவதே பழுதான இடத்தில்தான். கூடவே செட்டைல் அல்ககோல், செட்டியரைல் அல்ககோல் என்று எழுதியிருக்கும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவை உலர்த்துகிற அல்ககோல் இல்லை, மெழுகுபோல வழவழப்பைத் தருகிறவை. செதில்கள் படிந்து, முடியும் முடியும் உரசாமல் வழுக்கிக்கொண்டு போனால் சுருள்கள் தாமாகவே கூட்டாகச் சேரும். அதைத்தான் "ஈரப்பதம்" என்று விற்கிறார்கள்.

புரோட்டீன் வேறு வேலை செய்கிறது. போத்தலில் ஹைட்ரோலைஸ்ட் என்ற சொல்லோடு வருகிற கோதுமை, சோயா, பட்டு, கெரட்டின் எல்லாம் சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட புரதங்கள். முடி பழுதாகி இடைவெளி விழுந்திருந்தால் அந்தத் துண்டுகளில் சின்னவை உள்ளே போய்த் தங்கும், பெரியவை மேலே ஒரு படலமாகப் படியும், முடிக்குக் கொஞ்சம் விறைப்பு வரும், நனைத்தால் தொய்ந்து போகாது. உடைந்த முடியை அது திரும்பக் கட்டித் தருவதில்லை, சில முழுக்கோடு கழன்று போய்விடும், திரும்பப் போட வேண்டும். பழுதில்லாத முடியில் அதற்குப் போக இடம் குறைவு. மேலேயே படிந்து, தொட்டால் சொரசொரவென்று, சீப்புக்கு அடங்காமல், வளைத்தால் முறிகிறதாக ஆக்கிவிடும். இதைத்தான் புரோட்டீன் கூடிப்போச்சு என்கிறார்கள்.

சரி, உங்கள் முடி எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கிளாஸ் தண்ணீரில் முடியைப் போட்டு மிதக்கிறதா தாழ்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், விட்டுவிடுங்கள். முடியில் துளி எண்ணெய் இருந்தாலே அது மிதக்கும். சுருளின் வடிவத்தை வைத்து 2ஏ, 3பி என்று வகை பிரிப்பதும் இந்தக் கேள்விக்கு உதவாது, சுருள் எவ்வளவு இறுக்கம் என்பதை அது சொல்லுமே தவிர முடி பழுதா இல்லையா என்று சொல்லாது.

முழுகி முடித்துத் தலை நனைந்திருக்கும்போதே சீப்பில் வந்த முடி ஒன்றை எடுங்கள், முழு நீளம் உள்ளதாக இருக்கட்டும். நுனிப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்தை இரண்டு கையின் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெதுவாக இழுங்கள், சடாரென்று அல்ல. முதலில் சுருள் விரிந்து நேராகும். அது இழுபடுவது அல்ல, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகும் இழுக்க, கொஞ்சம் நீண்டு, விட்டவுடன் திரும்பிச் சுருண்டால் முடி நலம், உங்களுக்குப் புரோட்டீன் தேவையில்லை. நீண்டுகொண்டே போய், விட்டபிறகும் நீண்டது நீண்டபடி தொய்ந்து நின்றாலோ, விரலுக்கிடையில் கொழகொழவென்று இருந்தாலோ புரோட்டீன் தேவை. நீளவே நீளாமல் டக்கென்று முறிந்தால் கண்டிஷனர் பக்கம் போங்கள். இதையே உச்சிப் பக்கத்திலும் ஒருதடவை செய்து பாருங்கள், இரண்டும் ஒரே பதில் சொல்லாது. ஒரு முடியை மட்டும் நம்பவும் வேண்டாம், காதோரத்தில் ஒன்று, பின்கழுத்தில் ஒன்று என்று எடுத்துப் பாருங்கள்.

ஆனால் இந்தச் சோதனையைச் செய்வதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. நகரத்துக் குழாயில் வருவது கந்தளாய்ப் பக்கத்துத் தண்ணீர். கடற்கரையை ஒட்டின கிணறுகளில் வருவது அப்படி அல்ல, கல்சியம் கூடியது, சில இடங்களில் உவர். அந்தத் தண்ணீரில் ஷாம்பூ நுரைக்காது, கல்சியம் முடியில் படிந்துகொண்டே இருக்கும். முடி விறைக்கும், பளபளப்பு போகும், சிக்கு விழும். கேட்டால் எல்லாமே புரோட்டீன் கூடினதற்குச் சொல்கிற அதே அறிகுறிகள்! உப்புவெளியிலோ மார்பிள் பீச்சிலோ ஒரு பின்னேரம் கடலில் குளித்துவிட்டு, நல்ல தண்ணீரில் அலசாமல் கட்டி வைத்தாலும் அதே கதைதான், உப்புப் பொடி செதில்களுக்கு நடுவே காய்ந்து நிற்கும். புரோட்டீன் தொட்டே பார்க்காத ஒருவர் "எனக்குப் புரோட்டீன் ஒத்துக்கொள்ளவில்லைபோல" என்று சொன்னால் நான் முதலில் கேட்பது கிணற்றுத் தண்ணீரா என்றுதான்.

இதற்கு வழி மலிவானது. கல்சியத்தைப் பிடித்துக்கொள்கிற ஈடிடிஏ (EDTA) என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிற, படிவுகளைக் கழுவுகிற ஷாம்பூ ஒன்றை மாதத்துக்கு ஒருதடவை போடலாம். கிணற்றுத் தண்ணீரில் முழுகினாலும் கடைசி அலசலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் ஒரு வாளி எடுத்து வைக்கலாம், மாரியில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. தேசிக்காய்ப் புளியும் கல்சியத்தைக் கரைக்கும், ஆனால் ஒரு பெரிய ஜக் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி காணும், நன்றாக அலசிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். தேசிக்காய்ப் புளி பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்புளித்துக் கறுத்துப் போகும். கடலுக்கு இறங்குகிற நாளில், இறங்குவதற்கு முதலே தலையை நல்ல தண்ணீரில் நனைத்து நுனிக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிடுங்கள், ஏற்கனவே நல்ல தண்ணீர் குடித்த முடி உப்புத் தண்ணீரைக் குறைவாகவே எடுக்கும். இவ்வளவும் செய்து இரண்டு மூன்று முழுக்குக்குப் பிறகும் விறைப்பு இருந்தால்தான் புரோட்டீனைப் பற்றிக் கதைக்கலாம்.

இனி வீட்டுச் சாமான்கள். முட்டை, கஞ்சித் தண்ணி, தயிர், வெந்தயம், செவ்வரத்தம் இலை எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் சேர்த்து "இயற்கைப் புரோட்டீன்" என்கிறார்கள். முட்டையில் புரதம் இருப்பது உண்மை, ஆனால் உடைக்கப்படாத முழுப் புரதம், முடிக்குள் போக முடியாத அளவு பெரியது. வெள்ளைக்கரு மேலே காய்ந்து இறுகும், பிறகு சுடுதண்ணீரில் அலசினால் தலையிலேயே அவிந்து வெள்ளை வெள்ளையாகச் சுருளுக்குள் மாட்டிக்கொள்ளும், அந்த மணம் அடுத்த முழுக்குவரை போகாது. மஞ்சள்கருவில் உள்ள கொழுப்பு முடியை மெதுவாக்கும், அதற்கு முட்டையை வீணாக்குவதைவிட எண்ணெய் வைக்கலாம். தயிரும் அந்த வகைதான்.

கஞ்சித் தண்ணி கொஞ்சம் வேறு. அதில் பெரும்பாலும் இருப்பது மாச்சத்து, புரதம் மிகக் கொஞ்சம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை எப்படி நிற்கும், அப்படித்தான் முடியும் நிற்கும். சீனாவில் ஹுவாங்லுவோ என்ற ஊரின் யாவ் இனப் பெண்கள் புளிக்கவைத்த அரிசித் தண்ணீரில் முழுகி நீளமான முடி வைத்திருப்பதைக் காட்டித்தான் இது பரவியது. அவர்களுடையது நேர்முடி. நேர்முடிக்கு அந்த விறைப்பு அழகு, ஏற்கனவே காய்ந்து நிற்கிற சுருட்டைக்கு அது சிக்கு. மெல்லிய, தொய்ந்த சுருள் உள்ளவர்கள் எப்போதாவது ஒருமுறை ஐந்து பத்து நிமிடம் வைத்து அலசிப் பார்க்கலாம். வாராவாரம் வேண்டாம். புரோட்டீனுக்குப் பதில் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

வெந்தயமும் செவ்வரத்தம் இலையும் புரோட்டீன் பக்கமே இல்லை, கண்டிஷனர் பக்கம். ஊறவைத்தால் வருகிற வழுவழுப்புத்தான் அவற்றின் சத்து, அது சிக்கெடுக்க அருமையானது. அம்மம்மாமார் செவ்வரத்தம் இலையைக் கசக்கி நுரைவரத் தேய்த்ததற்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் அரைத்த வெந்தயத்தை அப்படியே பூசினால் தூளை எடுக்கப் பட்டபாடு போதும் என்றாகிவிடும், துணியில் வடித்து அந்தக் கூழை மட்டும் பூசுங்கள். காசில்லாமல் கண்டிஷனர் வேண்டுமென்றால் என் தெரிவு இது.

ஜெலட்டின் பற்றிச் சொல்ல வேண்டும். கேக் சாமான் கடையில் வாங்குகிற ஜெலட்டினைச் சுடுதண்ணீரில் கரைத்துப் பூசுவது வீட்டுப் புரோட்டீன்களுள் ஓரளவு வேலை செய்வது, ஏனென்றால் அது ஏற்கனவே பாதி உடைக்கப்பட்ட கொலாஜன். ஆனால் அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஹலால் முத்திரை பார்த்து வாங்குகிறவர்களுக்கும், கோணேசர் கோயில் விரதகாரருக்கும் இது யோசிக்க வேண்டிய விஷயம். கடைப் போத்தலிலும் அப்படித்தான், கெரட்டின் பெரும்பாலும் ஆட்டுரோமத்திலும் இறகிலும் எடுப்பது, கொலாஜன் விலங்குத் தோலிலோ மீனிலோ எடுப்பது. கோதுமை, சோயா, அரிசி என்று போட்டிருப்பதை வாங்கினால் ஒருவருக்கும் சங்கடமில்லை, வேலையிலும் குறைவில்லை.

தேங்காயெண்ணெயை இந்தப் பட்டியலில் எங்கே வைப்பது என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் முன்னால். அது புரோட்டீன் கொடுப்பதில்லை, இருக்கிற புரோட்டீன் போகாமல் பார்க்கிறது. 2003ல் ரேலே, மொஹிலே என்ற இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தடவிக் கழுவிப் பார்த்தார்கள். முடியிலிருந்து கழுவுப்பட்டுப் போகிற புரதத்தைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான், நல்ல முடியிலும் சரி, பழுதான முடியிலும் சரி. அவர்கள் தேங்காயெண்ணெய் விற்கிற மரிக்கோ கம்பெனியில் வேலைபார்த்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், ஆனால் காரணம் விளங்கக்கூடியது. அந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி லோரிக் அமிலம், சிறிய நேரான மூலக்கூறு, முடிக்குள் நுழைந்து உள்ளிருந்தே தண்ணீர் வீக்கத்தைக் குறைக்கிறது. சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகுகிறவர்கள் அதை விடத் தேவையில்லை, நுனிக்கு மட்டும் தேங்காயெண்ணெய் வையுங்கள். முழுகுவதற்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் முன்னால், உள்ளங்கையில் கொஞ்சமாக. பொடுகு உள்ளவர்கள் உச்சந்தலையில் எந்த எண்ணெயையும் ஊறவிடக் கூடாது, பொடுகோடு சேர்ந்த மலசீசியா பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி.

சலூன்காரர் "கெரட்டின் ட்ரீட்மென்ட்" என்று சொன்னால் அதைப் புரோட்டீன் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். பெயரில்தான் கெரட்டின், வேலை செய்வது போர்மல்டிஹைட்டை வெளிவிடுகிற மருந்தோ கிளையொக்ஸிலிக் அமிலமோ, அதன்மேல் 200 பாகைக்கு மேல் சூடான அயர்ன். சுருளை நேராக்குகிற வேலை அது. போர்மல்டிஹைட் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ல் வகைப்படுத்திவிட்டது. கிளையொக்ஸிலிக் அமிலம் போட்ட பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பெண் ஒருவரைப் பற்றி 2024ல் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. சுருளை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு இது தெரிவே அல்ல. நேராக்கத்தான் வேண்டுமென்றால் அது உங்கள் விருப்பம், ஆனால் போத்தலை வாங்கிப் பார்த்து உள்ளே என்ன என்று கேளுங்கள்.

காற்றைப் பற்றி. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில், வைகாசிக்குப் பிறகு ஆவணி வரை, பகலில் 35 பாகையைத் தொடுகிற வெயிலோடு வறண்ட காற்று அடிக்கும். அப்போது கனமான கண்டிஷனர், அலசின பிறகு கொஞ்சம் விட்டுவைக்கிற கிறீம், நுனியில் எண்ணெய் என்று போனால் முடி நிற்கும், புரோட்டீனைக் குறைக்க வேண்டும். வாடைக்காற்றும் மழையும் வந்துவிட்டால் காற்று முழுக்க ஈரம், முடி தானாகவே வீங்கிப் பறக்கும். அந்தக் காலத்தில் உள்ளிருப்பவை பட்டியலில் கிளிசரினை மேலே எழுதியிருக்கிற கிறீம் இன்னும் ஈரத்தை இழுத்துத் தலையை ஊதவைக்கும், அதற்குப் பதில் பிடிப்புள்ள ஜெல் போடுங்கள், தலையில் பழுது இருந்தால் புரோட்டீன் போட நல்ல காலமும் அதுதான். மாரியில் இன்னொரு சிக்கல், முடி காயவே காயாது. ஈரத்தோடு கொண்டை போட்டாலும் பர்தாவுக்குள் கட்டினாலும் முடி மணிக்கணக்கில் வீங்கியபடி இருக்கும், தலைத்தோலும் அரிக்கும். துவாயால் தேய்க்காமல் பழைய பருத்திச் சாரம் ஒன்றால் ஒற்றி எடுத்து, ஃபேனுக்கு முன்னால் இருந்து முக்கால்வாசி காயவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

கடையில் போத்தலைத் திருப்பிப் பார்க்கும்போது, உள்ளிருப்பவை கூடினதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாக எழுதப்பட்டிருக்கும், ஒரு வீதத்துக்குக் கீழே உள்ளவை மட்டும் எந்த ஒழுங்கிலும் வரலாம். முன்பக்கம் பெரிய எழுத்தில் புரோட்டீன் என்று போட்டு, பின்பக்கம் வாசனைக்கும் பதப்படுத்திக்கும் பிறகு கடைசியில் ஹைட்ரோலைஸ்ட் கோதுமை என்று இருந்தால் அது சும்மா கண்டிஷனர்தான், முடி பழுதில்லாதவரும் பயமில்லாமல் போடலாம். முதல் ஐந்தாறு பெயருக்குள் வந்தால் அது மருந்து, கணக்கோடு போட வேண்டும். நிறம் பூசினவருக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒருதடவை, காதுக்குக் கீழே உள்ள நீளத்தில் மட்டும், அலசினவுடன் மேலே கண்டிஷனர். ஓலாப்ளெக்ஸ் போன்றவை புரோட்டீன் அல்ல, முடிக்குள் அறுந்த பிணைப்புகளுக்கு என்று 2014ல் வந்த வேறு மருந்து. பிளீச் செய்தவருக்கு அதில் பலன் உண்டு, மற்றவர்கள் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

ரிபொண்டிங் செய்த முடியை வளரவிட்டுச் சுருளுக்குத் திரும்புகிறவர்களுக்குத்தான் இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். உச்சியிலிருந்து வருகிற புதுச் சுருளுக்குக் கண்டிஷனர் மட்டும், கீழே தொங்குகிற நேரான பகுதிக்குப் புரோட்டீனும் கண்டிஷனரும். இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் முடி முறியும், அங்கே சீப்புப் போடாமல் விரலால் சிக்கெடுங்கள். எவ்வளவு புரோட்டீன் போட்டாலும் அந்த நேரான பகுதி சுருளப் போவதில்லை, அதனால் பெரிய போத்தல் வாங்க வேண்டாம். வெட்டித் தள்ளின பிறகு மிச்சமிருந்தால், மாதம் ஒரு நிறம் மாற்றுகிற மச்சாள் ஒருத்தி எல்லா வீட்டிலும் இருப்பாள், அவளிடம் கொடுத்துவிடுங்கள்.